அஞ்சும் ஒண்ணும்

ஆவுடையம்மாள் அக்காவின் வாயில் ஆறு என்ற எண் வராது. அவள் வீட்டுக்காரர் பெயர் ஆறுமுகப்பெருமாள். புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் அவள். முழுப் பெயரை மட்டுமல்ல, அதன் முதல் துண்டைக்கூடத் தொட மாட்டாள். ஆறு மணி பஸ் அவளுக்கு அஞ்சரைக்குப் பிந்தின பஸ். அவள் வீட்டில் காப்பி ஆறாது, சூடு தணியும். ஆறு முட்டை வேண்டும் என்றால் அஞ்சும் ஒண்ணும் என்று கேட்பாள். கடைக்காரரும் ஐந்தை எண்ணி வைத்துவிட்டு, ஒன்றைத் தனியாக எடுத்து நீட்டுவார், சிரிக்காமல்.

தொல்லை என்னவென்றால், அவர்கள் பிழைப்பே ஆறு வோல்ட் மோட்டாரில்தான் ஓடியது.

ராஜபாளையத்தில் தென்காசி ரோட்டோரம் அவர்கள் கடை. மழையிலும் வெயிலிலும் போர்டு உரிந்து, 'ஆட்டோ எலெக்ட்ரிக்கல்' என்பது மட்டும் மிச்சம் இருந்தது. அதற்கு முன்னால் இருந்த பெயர் போய்விட்டது. அந்தக் காலத்து ஜீப்புகளும் வேன்களும் ஆறு வோல்ட் கரண்டில் ஓடியவை. எண்பதுகளில் அந்த அளவுக்குக் கார் பேட்டரி கிடைப்பது நின்றுபோனது. வண்டிக்காரர்கள் வேறு வழியில்லாமல் பன்னிரண்டு வோல்ட்டுக்கு மாறினார்கள். பல்பை மாற்றினார்கள், டைனமோவை மாற்றினார்கள். வண்டியைக் கிளப்புகிற ஸ்டார்ட்டர் மோட்டாரை மட்டும் மாற்ற முடியவில்லை. அந்த எஞ்சினின் பல்சக்கரத்தோடு சேருகிற புது மோட்டார் எங்கும் இல்லை. பழசையே வைத்து ஓட்டத் தெரிந்தவர் அக்கா வீட்டுக்காரர், எங்கள் அண்ணாச்சி.

ஆறு வோல்ட் மோட்டாருக்குப் பன்னிரண்டைக் கொடுத்தால் அது ஓடும். ஓடாது என்பதல்ல பயம், வெறிபிடித்து ஓடும் என்பதுதான். வண்டி சட்டென்று கிளம்பிவிட்டால் ஒரு குறையும் இல்லை. கிளம்பாமல், டிரைவர் கால் சுவிட்சில் வைத்த காலை எடுக்காமல் இருந்தால், உள்ளே இருக்கிற கம்பிச் சுருள் காய்ந்து, மேலே சுற்றிய துணி கருகி, கேபிள் நெருப்பாகப் பழுத்துவிடும். அதனால் அண்ணாச்சி ஒரு கணக்கு வைத்திருந்தார். ரெண்டு எண்ணுவதற்குள் காலை எடுத்துவிட வேண்டும். வண்டி கிளம்பவில்லையா, ஆறு நிமிஷம் தொடக்கூடாது. அதற்குப் பிறகுதான் அடுத்த தடவை.

"ஏன் அண்ணாச்சி ஆறு? அஞ்சுன்னா ஆகாதா?" என்று ஒருவர் கேட்டதற்கு, "நம்ம பேரு வண்டியில இருக்கட்டும்லே" என்றார்.

நான் அந்தக் கடைக்கு நாடா சுற்றப் போனவள். ஐந்தாம் வகுப்போடு நின்று, சத்திரப்பட்டிப் பக்கம் கட்டுத்துணித் தறியில் இருந்துவிட்டு வந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகிற அந்தத் துணியைத்தான் கஞ்சி போக அலசி, விரல் அகலத்துக்குக் கிழித்து, மோட்டாரின் கம்பிச் சுருளில் சுற்றுவோம். பிறகு வார்னிஷில் முக்கி வெயிலில் காய வைப்போம். கடையின் பின்கட்டில் நானும் அக்காவும் எதிரெதிரே உட்கார்ந்திருப்போம். நான் சுற்றுவேன். அக்கா ஈயம் பற்றவைப்பாள், கார்பன் தேய்ப்பாள், கழற்றியதைத் திரும்பப் பூட்டுவாள். முன்னால் நின்று வண்டிக்காரர்களிடம் பேசுவது அண்ணாச்சி. அதனால் எல்லா வேலையும் அவரே செய்வதாக ஊர் நினைத்தது. அக்காவும் அதைத் திருத்தவில்லை.

எண்பத்தெட்டாம் வருஷம் வைகாசியில், சார்ஜில் இருந்த பேட்டரி அண்ணாச்சி முகத்துக்கு நேரே வெடித்தது. பேட்டரியில் கம்பியைப் பிடிக்கிற கவ்வைக் கழற்றும்போது பறந்த ஒரு பொறி போதுமாயிருந்தது. ஆசிட் இரண்டு கண்ணிலும் விழுந்தது. அக்கா குடத்துத் தண்ணீரை மொத்தமாக அவர் முகத்தில் கொட்டியதும், அவர் கத்தாமல் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றதும் எனக்கு இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. அவர் தம்பி தவசிமுத்து மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனான். பத்து நாள் வைத்துப் பார்த்துவிட்டு, வியாழக்கிழமை பதினோரு மணிக்கு ஆபரேஷன் என்று தபால் போட்டிருந்தான்.

கடை மேசையில் ஒரு மோட்டார் பிரித்த நிலையில் கிடந்தது. கட்டுத்துணி கம்பெனி ஒன்றின் பழைய வேனுடையது. அக்கா மதுரைக்குப் போகவில்லை. "அவிய கூட தம்பி இருக்கான். இது கூட யாரு இருக்கா" என்று சொல்லிவிட்டு, மூன்று நாளில் அந்த மோட்டாரைத் தனியாகக் கட்டி முடித்தாள். அண்ணாச்சி கை படாமல் கடையிலிருந்து வெளியே போன முதல் மோட்டார் அது.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வேனை எடுக்க டிரைவர் வந்தான். பெயர் தேவநேசன். கம்பெனிக்குப் புதுசு, நாசரேத் பக்கத்துக்காரன். சொன்னதைச் சொன்னபடி செய்கிற ஆள் என்பது முகத்திலேயே தெரிந்தது. அக்கா தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள்.

"கால் சுவிட்சை அழுத்தி, ரெண்டு எண்ணுறதுக்குள்ள எடுத்துரணும் தம்பி."

"சரிக்கா."

"கிளம்பலைன்னா உடனே அழுத்தக்கூடாது. அஞ்சும் ஒண்ணும் நிமிசம். பொறவுதான்."

"அஞ்சும் ஒண்ணுமா?"

"ஆமா. அத மட்டும் மறந்துராதீங்க. மோட்டார் அம்புட்டுதான் தாங்கும்."

"அஞ்சும் ஒண்ணும்," என்று அவன் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டான். அண்ணாச்சி பெயர் அவனுக்குத் தெரியாது. போர்டிலும் இல்லை.

பக்கத்துப் பஞ்சர் கடைக் கருத்தையா ரோட்டோர டீக்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். "ஏலே, பொம்பளை கட்டின மோட்டாரா? கையோட ஒரு வாளி மண்ணும் எடுத்துட்டுப் போ" என்றார்.

"அவிய கணக்கெல்லாம் சொல்லித்தான் விட்டிருக்காவ," என்றான் தேவநேசன். "அஞ்சு தடவை அழுத்தலாம், ஒரு நிமிசம் ஓய்வு. பொறவு திரும்பவும் அஞ்சு."

நான் தண்ணீர்க் குடத்தோடு அவர்களுக்கு நாலு எட்டு பின்னால் நின்றேன். காதில் விழுந்தது. தப்பு என்றும் தெரிந்தது. ரோட்டில் இரண்டு ஆம்பிளைகள் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் போய், 'அப்படி இல்லை' என்று சொல்ல வேண்டும். நான் குடத்தை இடுப்பு மாற்றினேன். அவன் வேனில் ஏறி, ஒரே அழுத்தில் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். பின்னால் கட்டுத்துணிப் பொதிகள் கூரை வரைக்கும் ஏறியிருந்தன.

வண்டிதான் கிளம்பிவிட்டதே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு நாடா சுற்ற உட்கார்ந்தேன். ஆனால் அவன் ஸ்ரீவில்லிபுத்தூரில் கம்பெனி குடோனில் வண்டியை நிறுத்துவான். பாதிப் பொதியை இறக்குவான். உச்சி வெயிலில், சூடேறிய எஞ்சினைத் திரும்பக் கிளப்புவான். சூட்டில் பெட்ரோல் வண்டி அடம் பிடிக்கும். இது பின்கட்டில் இருக்கிற எனக்கே தெரியும். மூன்று சுருள் சுற்றிய பிறகு அக்காவிடம் சொன்னேன்.

அவள் கையில் இருந்த பற்றவைக்கிற கோல் அப்படியே நின்றது. "எப்ப கேட்ட?"

"டீக்கடையில. அவன் போறதுக்கு முன்னாடி."

"இப்ப மணி பத்து, ஏட்டி." அதற்கு மேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. அடுப்பை அணைத்து, கடைப் பலகையைச் சாத்தினாள். நாங்கள் பஸ் ஸ்டாண்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனோம்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் அக்கா சீட் நுனியில் உட்கார்ந்து முன் கம்பியைப் பிடித்திருந்தாள். கண்டக்டரிடம் மணி கேட்டாள். பத்து இருபத்தஞ்சு என்றார். இரண்டு ஸ்டாப் தாண்டிப் பக்கத்துச் சீட்டுக்காரரிடம் கேட்டாள். ஒரு மாட்டுவண்டி வழியை அடைத்துக்கொண்டு போனது. மறுபடியும் கேட்டாள். அவள் எந்த மணியைப் பார்க்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. வேன் கிளம்புகிற மணியா, மதுரையில் அண்ணாச்சியைத் தள்ளுவண்டியில் ஏற்றுகிற மணியா? அவள் தாலியை விரலில் சுற்றிச் சுற்றி விட்டுக்கொண்டிருந்தாள்.

மடவார் வளாகத்துப் பக்கம் இறங்கினோம். குடோன் தெருவுக்குள் ஓடினோம். குடோன் எதிரில், குறுகலான இடத்தில் வேன் நின்றது. முன்மூடி தூக்கியிருந்தது. அதற்குப் பின்னால் ஒரு டவுன்பஸ்ஸும் இரண்டு வண்டிகளும் வழி கிடைக்காமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. சுமை ஏற்றுகிற இருளப்பசாமி என்பவர் ஒரு டப்பாவிலிருந்து கார்புரேட்டரில் பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருந்தார். அது வழிந்து கீழே சொட்டியது. பின்கதவு திறந்திருந்தது. உள்ளே இன்னும் பாதி வேன் வெள்ளைத்துணி.

மோட்டார் கத்துவது எங்களுக்குக் கேட்டது. ரெண்டு எண்ணுகிற நேரத்தைத் தாண்டி நீண்டது அது; ஹாரன் அவசரத்தில் அவன் காலை எடுக்கப் பிந்தினான்.

"காலை எடு தம்பி" என்று அக்கா இந்தப் பக்கத்திலிருந்து கூவினாள். அவள் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

தேவநேசன் தலையை வெளியே நீட்டினான். "யக்கா, நீங்களா? பயப்படாதீங்க. நீங்க சொன்ன கணக்குதான். மூணு ஆச்சு, இன்னும் ரெண்டு பாக்கி."

"வேண்டாம். நிறுத்துங்க. சூடு தணியணும்."

"தணியுதுக்கா. அஞ்சு முடிஞ்சதும் ஒரு நிமிசம் விடுவேன்லா."

பின்னால் டவுன்பஸ் டிரைவர் எழுந்து நின்று திட்டினார். "ஏலே, இதென்ன வேனா, உங்க வீட்டுக் கட்டிலா? எம்புட்டு நேரம்லே கிடப்ப?" தேவநேசன் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு மறுபடியும் அழுத்தினான். நாலு. மோட்டாரின் சத்தம் மெலிந்து கீச்சென்று ஆனது. வார்னிஷ் கருகுகிற வாசம் தெருவைத் தாண்டி வந்தது. எங்கள் வார்னிஷ்தான். நான் சுற்றிய நாடாதான்.

குறுக்கே சைக்கிள்களும் ஒரு கைவண்டியும் நின்றன. அக்கா அவற்றுக்கு இடையில் சிக்கிக்கொண்டு, ஒரு கையைத் தூக்கிக் கத்தினாள். "அப்படி இல்ல தம்பி. அஞ்சும் ஒண்ணும். அஞ்சும் ஒண்ணும்."

அவன் அதைக் கேட்டு, "அதேதான்க்கா" என்று தலையாட்டினான். அவள் அவனுக்கு ஞாபகப்படுத்துவதாக நினைத்துவிட்டான். ஐந்தாவது தடவைக்குக் காலை வைத்தான்.

அக்கா வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு கணம்தான். பிறகு வேனைப் பார்த்துத் திரும்பினாள்.

"ஆறு," என்றாள். "ஆறு நிமிசம்லே. ஆறு."

தெருவில் அவ்வளவு பேருக்கும் அது கேட்டது. தேவநேசன் முகம் மாறியது. காலை எடுத்துவிட்டான், இரண்டு காலையும் தூக்கிக் காட்டினான். ஆனால் மோட்டார் நிற்கவில்லை. சுவிட்சுக்குள் செம்பு உருகி ஒட்டிக்கொண்டுவிட்டது. முன்மூடிக்கு அடியிலிருந்து புகை எழும்பியது. இருளப்பசாமி டப்பாவைக் கீழே போட்டுவிட்டுப் பின்னால் ஓடினார். டப்பா கவிழ்ந்து பெட்ரோல் மண்ணில் பரவியது.

அக்கா கைவண்டியின் மேலேயே ஏறிக் குதித்துப் போனாள். பேட்டரிக் கவ்வில் அண்ணாச்சி எப்போதும் கையால் திருகுகிற நட்டுதான் போடுவார். அதைத் திருக வேண்டும். திருகும்போது பொறி பறக்கும். பன்னிரண்டு நாளுக்கு முன் அப்படி ஒரு பொறி என்ன செய்தது என்பதை அவள் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, தலையை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு, கண்ணை மூடிக் கையை உள்ளே விட்டாள்.

கவ்வு பிடுங்கிக்கொண்டு வந்தது. நீலமாக ஒரு பொறி வெட்டியது. மோட்டார் முனகி நின்றது.

ஹாரன்களும் நின்றுவிட்டன. தேவநேசன் இறங்கி வந்தான். எங்கிருந்தோ யாரோ ஒரு கூடை மண்ணைக் கொண்டுவந்து பெட்ரோல் மேல் போட்டார்கள்.

"யக்கா, அஞ்சும் ஒண்ணும்னா ஆறா?"

"ஆமா."

"அத ஆறுன்னே சொல்லிருக்கலாமேக்கா."

பூ விற்றுக்கொண்டிருந்த ஒரு வயசான அம்மாள் அவனை முறைத்தாள். "ஏலே, அவ புருசன் பேருலே அது. உனக்கு எங்க தெரியப் போவுது" என்றாள். பிறகு அக்காவைப் பார்த்து, "அவிய நல்லா இருக்காவல்லா தாயி?" என்று கேட்டாள்.

அக்காவின் உள்ளங்கை தோல் உரிந்து சிவந்திருந்தது. குடோன் சுவரோரம் உட்கார்ந்து, "மணி என்ன ஆச்சு?" என்று கேட்டாள்.

"பதினொண்ணு பத்து," என்றான் தேவநேசன்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அழவில்லை. செத்த நேரம் கழித்து எழுந்து, வைத்தியநாதர் கோயில் வாசல் வரைக்கும் நடந்தாள். நடை சாத்துவதற்கு நேரம் இருந்தது. நோய்நொடி என்றால் எங்கள் பக்கம் அந்தச் சாமியிடம்தான் போவார்கள். அக்கா வெளியிலேயே நின்றாள். "சொன்ன வாயோட உள்ள எப்படிப் போவேன்" என்றாள். வெயிலில் மண் கொதித்தது. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு அதிலேயே நின்றாள். நானும் நின்றேன்.

மறுநாள் சாயங்காலம் தவசிமுத்து வந்தான். "இடது கண்ணு பொழச்சுக்கிட்டு, மதினி. வலதுதான் வேலைக்கு ஆகலைன்னு சொல்லிட்டாவ" என்றான்.

அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "எத்தனை மணிக்கு உள்ள கொண்டு போனாவ?"

"பதினோரு மணிக்கு. சொன்ன நேரத்துக்குக் கொண்டு போயிட்டாவ."

அவள் தலையை ஆட்டினாள். வலது கண் முதல் நாளே போய்விட்டது என்று டாக்டர் சொன்னதைத் தவசிமுத்து அதற்குப் பிறகு எத்தனையோ தடவை எடுத்துச் சொன்னான். அவளும் கேட்டுக்கொண்டாள். சொன்ன வாய்க்கு ஒரு கண் என்று அவள் மனசில் ஒரு கணக்கு விழுந்துவிட்டது, அதை அவன் பேச்சு அழிக்கவில்லை.

அண்ணாச்சி ஒரு கண்ணுக்குக் கட்டோடு வந்து சேர்ந்தார். வரும் வழியிலேயே ஊர் அவருக்குக் கதையைச் சொல்லிவிட்டது. கட்டிலில் உட்கார்ந்ததும் கேட்டார்.

"மோட்டாரு என்னாச்சு?"

"நாடா கருகிப்போச்சு. உள்ள சுத்துற ஆர்மேச்சர் தப்பிச்சுக்கிட்டு. திரும்பக் கட்டிக் குடுத்தாச்சு."

"எத்தனை தடவை சொன்னியாம்?"

அக்கா தரையைப் பார்த்தாள். "மூணு."

"ஸ்ரீவில்லிபுத்தூருக்கே கேட்டிருக்கு, எனக்குக் கேக்கலியே. எங்க, இப்ப ஒரு தரம் சொல்லு பாப்போம்."

"மோட்டாரு கேட்டா சொல்லுவேன். ஒங்களுக்கு எதுக்கு?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவர் ரொம்ப நேரம் சிரித்தார். உள்ளே அவள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். அடுப்பில் விறகே வைக்கவில்லை.

அதற்குப் பிறகு கடைக்கு முன்னால் நின்று பேசுவது அக்கா என்று ஆகிவிட்டது. அண்ணாச்சியின் கண்ணுக்கு ரோட்டு வெயில் ஆகவில்லை. அவர் உள்ளே, அவள் வெளியே. கருத்தையாவே ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். "மண்ணு வாளி வேண்டாம்லே, தைரியமா எடுத்துட்டுப் போ" என்பார்.

ஒன்றை நான் இதுவரை எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்தேன். ஆறு என்று சொல்ல எனக்கு எந்தத் தடையும் இல்லை. அது என் வீட்டில் யாருக்கும் பெயரில்லை. டீக்கடையில் சொல்லியிருக்கலாம். தெருவில் அக்கா திரும்பி என் முகத்தைப் பார்த்த அந்தக் கணத்தில் சொல்லியிருக்கலாம். அவள் அதற்காகத்தான் திரும்பினாள். எனக்குத் தொண்டை வரைக்கும் வந்தது. அவ்வளவு ஆம்பிளைகள், அவ்வளவு ஹாரன். நான் முழுங்கிவிட்டேன்.

இதைப் பற்றி அவள் என்னிடம் ஒரு நாளும் பேசவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் அண்ணாச்சி திரும்பி வந்த மறுவாரம் ஒரு ஜீப்புக்காரர் மோட்டாரை வாங்க வந்தார். அக்கா சொல்ல ஆரம்பித்தாள். ரெண்டு எண்ணுவதற்குள் காலை எடுக்க வேண்டும் என்றாள். கிளம்பாவிட்டால் உடனே அழுத்தக்கூடாது என்றாள். அந்த இடம் வந்ததும் நின்றாள். கை தாலிக்குப் போனது. அவள் சொல்லத்தான் போகிறாள் என்று தெரிந்தது. நான் பின்கட்டிலிருந்து எழுந்து வந்து வாசற்படியில் நின்று சொன்னேன். என் குரல் எனக்கே வேறு ஆளுடையது மாதிரி இருந்தது.

அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. கையைத் தாலியிலிருந்து எடுத்துவிட்டு, மீதியைச் சொல்லி முடித்தாள்.

தொண்ணூற்றாறில் கடைசி வேன் இரும்புக்குப் போகும் வரைக்கும் அப்படித்தான் நடந்தது. தேவநேசன்கூட ஒவ்வொரு தடவையும் வேண்டுமென்றே கேட்பான். "எத்தனை நிமிசம்க்கா?" அவள் சுவரைப் பார்ப்பாள். நான் நாடாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வருவேன்.

"ஆறு."